பள்ளிச் சந்தையில் பெற்றோருக்கு என்ன வேலை?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கு நிதி திரட்ட ஒரு நாள் சந்தை நடத்துவது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். உணவுக் கடைகள், விளையாட்டுகள், பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு. கிடைக்கும் பணத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரமும் நூலகத்துக்கு அலமாரியும் வாங்குவதாகத் திட்டம். தலைமை ஆசிரியை இவர் பெயரையும் தன்னார்வலர் பட்டியலில் எழுதிவிட்டார். இவர் வீட்டில் தையல் தைப்பவர்; கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை. "என்னால் பணம் தர முடியாது. ஒரு நாள் போனால் அந்த நாளின் வருமானமும் போகும். நான் அங்கே போய் என்ன செய்வது? அரசுப் பள்ளிக்கு நாம் இப்படிப் பணம் திரட்டுவது சரிதானா?" என்பது அவருடைய கேள்வி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என் பிள்ளைகள் இருவரும் படித்த அரசுப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். இப்படிப்பட்ட சந்தைகள் நான்கில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

சரிதானா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஊர் கூடிப் பள்ளிக்குச் செய்வது நமக்குப் பழைய வழக்கம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் கல்விச் சீர் என்று கொண்டுபோகிறார்கள். மேளம் முன்னால் போகும். பெண்கள் தாம்பாளத்தில் பழமும் பூவும் நோட்டுப் புத்தகங்களும் ஏந்தி வருவார்கள். பின்னால் ஆண்கள் நாற்காலியையும் மின்விசிறியையும் தோளில் சுமந்து வருவார்கள். தாய்மாமன் சீர் கொண்டுபோகும் அதே பெருமிதம் அந்த நடையில் இருக்கும். ஆகவே பள்ளிக்குக் கொடுப்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஆனால் எதற்காகத் திரட்டுகிறோம் என்பதில் நான் கண்டிப்பானவன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பு அட்டவணையில், ஒரு பள்ளியில் என்னென்ன இருந்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பாதுகாப்பான குடிநீர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, சமையலறை, சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடல், நூலகம் எல்லாம் அதில் உண்டு. இவற்றைத் தர வேண்டியது அரசு. நாம் சந்தை போட்டுத் தண்ணீர் இயந்திரம் வாங்கிவிட்டால், அந்தப் பள்ளியில் குடிநீர்க் குறை தீர்ந்தது என்று ஆகிவிடும். மறுபடி எவரும் கேட்க மாட்டார்கள்.

நம் மாவட்டங்களில் தண்ணீர் சாதாரண விஷயமும் அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஏற்றதன்று. பல்லில் பழுப்புக் கறையோடு சிரிக்கக் கூச்சப்படும் பிள்ளைகளை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே இதற்காகத்தான் கொண்டுவந்தார்கள்; 2013இல் அது தொடங்கப்பட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஃபுளூரைடு போகாது. சாதாரண வடிகட்டியும் அதைப் பிடிக்காது. எதிர்ச் சவ்வூடு முறை இயந்திரம், அதாவது நாம் ஆர்ஓ என்று சொல்வது, பிடிக்கும். ஆனால் அதன் சவ்வைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றப் பணம் இல்லாமல் சிலந்தி வலை பிடித்து நிற்கும் இயந்திரங்களைப் பள்ளி வராந்தாக்களில் பார்த்திருக்கிறேன்.

அதனால் தண்ணீரைச் சந்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பள்ளிக்கு இப்போது வருவது ஆழ்துளைக் கிணற்று நீரா, ஒகேனக்கல் நீரா என்று பாருங்கள். ஒரு புட்டி தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கச் செய்யுங்கள். அந்த முடிவை வைத்து மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து படியுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் கிராம சபை கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காகிதத்தில் இருக்கும் ஆய்வக எண்ணுக்கு அங்கே தனி மரியாதை உண்டு.

அலமாரியைச் சந்தைப் பணத்தில் வாங்குங்கள். நூலகமும் சட்டத்தின் பட்டியலில் இருப்பதுதான். ஆனாலும் அலமாரி வரும்வரை புத்தகங்கள் மூட்டையில் கிடந்து கரையான் அரிப்பதை என்னால் பொறுக்க முடியாது. அதோடு விளையாட்டுப் பொருள்கள், ஒலிபெருக்கி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் சுற்றுலா அழைத்துப்போகும் பஸ் செலவு இவையெல்லாம் சந்தைக்குப் பொருத்தமானவை. பெரிய தொகை தர விரும்பும் முன்னாள் மாணவர் எவராவது இருந்தால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள். "ஆளுக்குப் பத்து டிக்கெட் விற்றுக் கொண்டு வாருங்கள்" என்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும் யோசனை நிச்சயம் வரும். எங்கள் பள்ளியிலும் வந்தது. விற்க முடியாத பிள்ளை, தாய் கையில் பணம் இல்லாத பிள்ளை, அடுத்த நாள் பள்ளிக்கு வராது. கட்டணமில்லாமல் படிக்க உரிமை உள்ள இடத்தில் சுற்றுவழியில் கட்டணம் வாங்குவதுதான் அது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது, இப்படிப்பட்ட யோசனை வரும்போது எதிர்த்துப் பேசத்தான்.

குலுக்கல் பரிசுச் சீட்டும் வேண்டாம். பத்து ரூபாய்ச் சீட்டு வாங்கினால் மிக்ஸி பரிசு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிக்குத் தடை. பள்ளி நிதிக்காக என்று எழுதி ஒட்டினாலும் சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு தருவது அந்த வேலைதான். கையும் கண்ணும் பழகிச் செய்யும் விளையாட்டுகள் போதும். வளையம் எறிதல், பம்பரம், கோலி, டயர் ஓட்டும் பந்தயம் வைக்கலாம். பல்லாங்குழிக்கு இரண்டு பாட்டிகளை உட்காரவையுங்கள். எங்கள் மூன்றாம் சந்தையில் அதிகக் கூட்டம் நின்ற இடம் அதுதான். ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கையில் எடுத்தவர்கள் மாலை வரை நகரவில்லை.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். தன்னார்வலர் என்று பெயர் எழுதியவுடன் பெண்களை அடுப்பங்கரைக்கும் ஆண்களை மைக்குக்கும் அனுப்பிவிடுவது வழக்கம். நீங்கள் டோக்கன் மேசையைக் கேட்டு வாங்குங்கள். தையல் வேலையில் நாள்தோறும் அளவும் கூலியும் பாக்கியும் எழுதிப் பழகிய கை உங்களுடையது. சந்தையின் உயிர் அந்த மேசையில் இருக்கிறது.

அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் முதல் சந்தையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது கடைக்குக் கடை தனித்தனியாகப் பணம் வாங்கினோம். குழுவின் வங்கிக் கணக்குக்கு க்யூஆர் கோடு இல்லை. ஒரு தந்தை, சிறு மளிகைக்கடை வைத்திருந்தவர், உதவியாக இருக்கட்டும் என்று தன் கடையின் கோடு அட்டையைக் கொண்டுவந்து மூன்று கடைகளில் கட்டித் தொங்கவிட்டார். அன்று முழுக்கச் சந்தைப் பணமும் அவர் கடை வியாபாரப் பணமும் ஒரே கணக்கில் வந்து விழுந்தன. எது எது என்று பிரிக்க எங்களுக்கு ஆறு நாள் ஆயிற்று. நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். அவர் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. சந்தேகமாக இருந்த தொகையையெல்லாம் பள்ளிப் பக்கமே போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த ஆறு நாளில் ஊர் பேசி முடித்துவிட்டது. அதன் பிறகு அவர் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. மகளை விட வரும்போதும் கேட்டுக்கு வெளியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார். நல்ல மனிதரை நாங்கள் இழந்தோம். அதற்குக் காரணம் கணக்குக்கு ஒரு முறை வகுக்காமல் சந்தையைத் திறந்த எங்கள் குழுதான்.

அடுத்த ஆண்டு முதல் இப்படிச் செய்தோம். வாசலுக்கு உள்ளே நிழலில் ஒரே ஒரு மேசை. பணம் அங்கே மட்டும். கடைகளில் டோக்கன் மட்டும். 5, 10, 20 ரூபாய்க்கு மூன்று நிறச் சார்ட் அட்டையில் வெட்டி, ஒவ்வொன்றிலும் பள்ளி முத்திரை குத்தினோம். மேசையில் இரண்டு பேர். ஒருவர் பணம் வாங்கி டோக்கன் கொடுப்பார், மற்றவர் எழுதுவார். இருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. க்யூஆர் கோடு குழுவின் கணக்குக்கு உரியது மட்டுமே; அது இல்லாவிட்டால் அன்றைக்கு ரொக்கம்தான். வங்கியில் கேட்டால் கோடு கொடுப்பார்கள், ஆனால் அதற்குச் சில நாள் பிடிக்கும். இப்போதே கேட்கச் சொல்லுங்கள்.

தொடங்கும்போது சில்லறைக்காக ஆயிரம் ரூபாய் பெட்டியில் வைத்து, அதைக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் பக்கம் இன்னும் சிலர் வாங்க மறுக்கிறார்கள். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியாயிற்று. தயங்காமல் வாங்குங்கள், கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, பணத்தைத் தலைமை ஆசிரியை அறையின் பீரோவுக்கு அனுப்பிவிடுங்கள். மேசையில் பெரிய தொகை தங்கக் கூடாது. யார் வந்து கேட்டாலும், விறகு வாங்க, ஐஸ் வாங்க என்று அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். செலவுக்குத் தனிக் கை, தனிக் காகிதம். வரவு முழுக்க வங்கிக்குப் போக வேண்டும்.

சந்தை முடிந்த அன்று மாலையே, விளக்கு வைக்கும் முன்பு, வராந்தாக் கரும்பலகையில் மூன்று வரி எழுதினோம். மொத்த வரவு 41,370 ரூபாய். செலவு 9,215 ரூபாய். மீதம் 32,155 ரூபாய். துடைப்பத்தோடு நின்ற தாய்மாரும் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்களும் வந்து படித்துவிட்டுப் போனார்கள். தன் கடையின் டோக்கன் எவ்வளவு என்று ஒரு தாத்தா கேட்டார், அதையும் எழுதினோம். அந்தப் பலகையை இரண்டு வாரம் யாரும் அழிக்கவில்லை.

பணம் தர முடியவில்லையே என்ற உங்கள் வருத்தத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். கல்யாண வாசலில் மொய் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊர், தகப்பன் பெயர், தொகை என்று ஒருவர் கூவ, ஒருவர் எழுதுவார். எங்கள் சந்தைக்கும் ஒரு மொய் நோட்டு போட்டோம். அதில் தொகைக்கு ஒரு கட்டம், பொருளுக்கு ஒரு கட்டம், உழைப்புக்கு ஒரு கட்டம். 'ஆறாம் வகுப்பு மாணவியின் பாட்டி, களி கிண்டியது, மூன்று மணி நேரம்' என்ற வரி, 'முன்னாள் மாணவர், ஐந்தாயிரம் ரூபாய்' என்ற வரிக்கு அடுத்தாற்போல் இருக்கும். திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் அந்த நோட்டை முதலிலிருந்து கடைசிவரை, வந்த வரிசைப்படியே படித்தோம். தொகை பெரிதென்று எவரையும் முன்னால் கொண்டுவரவில்லை. தன் பாட்டியின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தபோது அந்தச் சிறுமி வரிசையில் நிமிர்ந்து நின்றாள். உங்கள் பள்ளியில் இந்த நோட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் மணி நேரமும் அதில் ஏறும்.

சாப்பாட்டுக் கடைகளில் நம் மண்ணின் பண்டங்களை வையுங்கள். தமிழ்நாட்டில் கேழ்வரகு மிகுதியாக விளைவது நம் இரண்டு மாவட்டங்களில்தான். ஆனால் சந்தை என்றதும் ஃப்ரைடு ரைஸ் மாஸ்டரைத் தேடுகிறார்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியிலேயே லாபம் போய்விடும். எங்கள் களிக் கடையில் அந்தப் பாட்டி வேலை செய்ததை இன்றும் அப்படியே சொல்ல முடியும். உலை கொதித்து வரும்போது மாவைக் குவியலாக நடுவில் கொட்டினார், கிளறவில்லை. மாவின் நடுவே கட்டையால் ஒரு குழி இட்டு, தண்ணீர் அதன் வழியாக மேலே குமிழியிடும்வரை காத்திருந்தார். பிறகு பாத்திரத்தை இறக்கி, இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டையை இரு கையாலும் சுழற்றினார். கட்டி ஒன்றுகூட இல்லை. கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உருட்டி, பாக்கு மட்டைத் தட்டில் வைத்து, குழி பறித்து, கொள்ளுக் கடைசலை ஊற்றினார். ஒரு கிலோ மாவில் பத்து உருண்டைக்குக் குறையவில்லை. மாவு பெற்றோர் கொண்டுவந்தது, கொள்ளு ஒரு விவசாயி கொடுத்தது. முப்பது ரூபாய்க்கு விற்றதில் ஏறக்குறைய முழுவதும் பள்ளிக்கு நின்றது.

ஜூன், ஜூலையில் நடத்தினால் மாங்காய் இருக்கிறது. பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு, கூழ்த் தொழிற்சாலை வாங்காமல் விலை விழுந்த ஆண்டுகளில் தோட்டக்காரர்கள் மூட்டையாகவே கொடுத்துவிடுவார்கள். கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தால் நிற்க நேரமிருக்காது. உங்கள் ஊர்ப் பக்கத்து நிப்பட்டையும், அதாவது தட்டை போன்ற அந்தக் காரப் பண்டத்தையும், மறக்க வேண்டாம். முந்தின நாளே வாங்கிவைக்கலாம், கெடாது.

சமையலை வீட்டுக்கு வீடு செய்து கொண்டுவர விடாதீர்கள். பள்ளியிலேயே ஓரிடத்தில், எல்லோரும் சேர்ந்து சமைக்கட்டும். சுத்தம் நம் கண்முன் இருக்கும் என்பது ஒரு காரணம். எந்த வீட்டுச் சமையல் என்று கேட்டு வாங்குகிறவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள் என்பது பெரிய காரணம். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கே இடம் தரக் கூடாது. ஒரே அடுப்பு, பல கை என்றால் கேட்பவர் வாய் தானாக மூடும். தற்காலிகக் கடை போடுபவரையும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சேர்த்தே சொல்கிறது. வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பழச்சாறுக்கும் மோருக்கும் குடிநீர் மட்டும். சோதிக்காத ஆழ்துளைக் கிணற்று நீரையும், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் கட்டியையும் சேர்க்காதீர்கள்.

நெருப்பு விஷயத்தில் எவர் தயவும் பார்க்காதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பள்ளித் தீயில் பறிகொடுத்த மாநிலம் இது. அந்தத் தீ சமையல் இடத்தில் தொடங்கிக் கீற்றுக் கூரையில் பற்றியது. அடுப்பு திறந்த வெளியில், வகுப்பறையிலிருந்தும் பந்தலிலிருந்தும் விலகி இருக்கட்டும். கடைகளுக்குத் தென்னங்கீற்று வேண்டாம். அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகள் உள்ளே வராமல் பார்க்க ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள். இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடைக்குப் பயன்படுத்தக் கூடாது. விற்பனைக்குச் சமைக்க 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்க வேண்டும். மெயின் சுவிட்ச் என்னும் பெரிய பொத்தானை அணைத்தால் எல்லா மின்சாரமும் நிற்க வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே என்று மேசையில் இருக்கும் உங்களுக்கும் தெரிய வேண்டும்.

நாள் குறிப்பதிலும் உங்களைப் போன்றவர்கள் பேச வேண்டும். ஞாயிறு வைத்தால், சனி இரவு பெங்களூரு பஸ்ஸில் வந்து இறங்கும் தந்தையர் கையோடு வருவார்கள். உங்கள் கணவரும் வரலாம். ஆனால் போச்சம்பள்ளியில் ஞாயிறுதான் சந்தை. அந்தப் பக்கத்து ஊர்களில் ஞாயிறு வைத்தால் ஊரே சந்தைக்குப் போயிருக்கும். உங்கள் ஊர் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்து முடிவெடுங்கள். காலை ஒன்பதிலிருந்து பகல் இரண்டு வரை போதும்.

இனி எனக்கு முக்கியமான ஒன்று. எங்கள் முதல் சந்தையில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வளையம் எறியும் இடத்தில் காலையிலிருந்து நின்றான். கீழே விழும் வளையங்களையெல்லாம் பொறுக்கி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். உதவி செய்கிறான் என்று நினைத்து நாங்கள் பாராட்டினோம். பிற்பகலில்தான் ஓர் ஆசிரியை கவனித்தார். அவன் கையில் ஒரு ரூபாயும் இல்லை. வளையத்தைத் தொட அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் காலையில் வகுப்பிலேயே 20 ரூபாய்க்கு டோக்கன் கொடுத்துவிட்டோம். வசதியுள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்று பார்க்கவில்லை; பார்த்தால் வாங்கும் பிள்ளை தலை குனியும். இருநூறு பிள்ளைகளுக்கு 4,000 ரூபாய் ஆயிற்று. குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தப் பணத்தைச் சந்தையின் முதல் செலவாக எழுதுங்கள் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். நீங்களும் நில்லுங்கள்.

கூலி போகும் என்ற கவலைக்கு என் யோசனை இது. முழு நாளும் நிற்க ஒப்புக்கொள்ளாதீர்கள். டோக்கன் மேசையில் இரண்டு மணி நேரம், காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என்று நேரத்தோடு சொல்லி எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகு யார் என்பதும் அப்போதே முடிவாகட்டும். இப்படி நேரம் பிரித்து எழுதினால் உங்களைப் போல் தயங்கும் இன்னும் பத்துத் தாய்மார் வருவார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களும் இரண்டு மணி நேரம் என்றால் வந்துவிட்டுப் போவார்கள்.

மிச்ச உழைப்பை வீட்டிலிருந்தே கொடுக்கலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைக்கும் தட்டுக்கும் குவளைக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்கும் சேர்த்துத்தான். சந்தைக்கு வருகிறவர்கள் நிப்பட்டும் மாங்காயும் வாங்கி எதில் எடுத்துப்போவார்கள்? உங்களிடம் வெட்டு மிச்சத் துணி இருக்கும். பக்கத்துத் தையல்காரர்களிடமும் கேளுங்கள். கூட்டத்தில் சொல்லிப் பழைய வேட்டி, திரைச்சீலை கொண்டுவரச் சொல்லுங்கள். வெந்நீரில் அலசிக் காயவைத்தால் போதும். பதினான்கு அங்குல அகலம், பதினாறு அங்குல உயரம் வைத்து வெட்டுங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, குறுக்கே இரண்டு தையல் போடுங்கள்; இரண்டு கிலோ மாங்காய் தாங்கும். இரவு தையல் முடிந்தபின் நாளுக்கு நான்கு என்றாலும் ஒரு மாதத்தில் நூறுக்கு மேல் சேரும். இருபது ரூபாய் டோக்கனுக்கு ஒரு பை. உங்கள் மகனையும் வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, ஒவ்வொரு பையிலும் பள்ளியின் பெயரைத் துணி மையால் எழுதச் சொல்லுங்கள். மொய் நோட்டில் பொருள் கட்டத்தில் ஒரு வரி, உழைப்புக் கட்டத்தில் ஒரு வரி, இரண்டிலும் உங்கள் பெயர் வரும்.